தங்கப் பல்லில் சந்தனப் பொட்டு

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் பேர்லினிலிருந்து ஒரு பார்சல் வந்தது. முகவரி உன் கணவரின் கையெழுத்தில் இருந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் சாவிக் கொத்தாலேயே நாடாவைக் கிழித்தேன். உள்ளே ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் உன் பழைய பச்சைத் துவாய், துவாய்க்குள் சுருட்டி வைத்த அந்தக் கிராபிக்ஸ் கார்ட். அடியில் அதன் கையேட்டுப் புத்தகமும் கிடந்தது. நீ எதையும் எறிய மாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இதை எதிர்பார்க்கவில்லை.

கார்டைத் திருப்பி, கணினியின் மதர்போர்டில் செருகும் அந்தத் தங்கப் பல் வரிசையைப் பார்த்தேன். இரண்டு பல்லுக்கு நடுவே இன்னும் மஞ்சளாக ஒரு கோடு. மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். சந்தனம் மணக்கவில்லை, தூசுதான் மணந்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போய் நாலு மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரில் தட்டினார். தட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

உலகக் கிண்ணக் கால்பந்து இங்கே நடந்து முடிந்த இலையுதிர் காலம், ஞாபகமிருக்கிறதா? டோர்ட்மண்டில் எங்கள் கட்டிடத்தில் பாதி பல்கனிகளில் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நீங்கள் நாலாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. நீ என் மாமாவின் மகள். ஆனால் சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் நாலாம் மாடிக்குப் போவாய். மீதி நேரமெல்லாம் என் அறையில், என் கணினிக்கு முன்னால், உன் பாட்டில் ஒரு கதிரையைப் பிடித்துவைத்திருப்பாய். எங்கள் வயதுப் பெட்டைகள் சாறி பார்க்கப் போன சனிக்கிழமைகளில் நாங்கள் கணினித் திரையில் கார் ஓட்டினோம். மழையில் நனைந்த மலைப்பாதை, எதிரே வரும் வெளிச்சம், நீ வளைவில் வேகத்தைக் குறைக்காமல் போடும் கூச்சல். கார் மட்டும் ஊர்ந்தது, ஏனென்றால் எங்கள் பழைய கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அந்த மழையைக் கீறிக் காட்டப் பலம் போதவில்லை.

அப்போதுதான் அந்தப் பெரிய கேள்வி வந்தது. பலசாலியான ஒரே ஒரு கார்ட் வாங்குவதா, இல்லாவிட்டால் நடுத்தரமான இரண்டு கார்டுகளை வாங்கி, ஒரு சின்னப் பாலத்தால் இணைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டுவதா? அந்த வருஷங்களில் இரட்டைக் கார்ட் என்றால் ஒரு பைத்தியம். சஞ்சிகைகளின் முன்பக்கத்தில் இரண்டு கார்டுகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக மினுங்கிக்கொண்டிருக்கும். படத்தின் வேலையை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளுமாம், வேகம் இரண்டு மடங்காகுமாம். நான் அப்போது கணினித் துறையில் அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தேன். தொழில் படிக்கப் போய் இரண்டு வருஷம்தான், ஆனால் அறிவு தலைக்கு மேலே. நீ பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாய். ஆகவே இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்டுதான். சத்தம் குறைவு, சூடு குறைவு, கரைச்சல் இல்லை" என்றேன் நான்.

"ரண்டு" என்றாய் நீ.

"உனக்கென்ன விசரே? ரண்டு பேர் ஒரு சட்டியிலை கறி வைச்ச மாதிரித்தான் இருக்கும். ஆர் உப்புப் போட்டது, ஆர் போடேல்லை எண்டு தெரியாது."

"ரண்டு பேரும் கதைச்சுப் பேசிப் போட்டாச் சரிதானே."

மூன்று கிழமை இப்படிப் போனது. நான் சோதனை முடிவுகளை வாசித்துக் காட்டுவேன். நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை கூடினாலும், இரண்டு கார்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் ஓட்டத்தில் ஒரு திணறல் வரும் என்பேன். நீ நகத்தைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசியில் "ரண்டு" என்பாய். ஒரு காரணமும் சொல்ல மாட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றை இப்போது ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த ஒற்றைக் கார்ட்டில் இருந்த ஆசை வேகத்துக்காக மட்டும் இல்லை. உனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வசந்த காலத்தில் நீ பேர்லினுக்குப் போகப்போகிறாய். அந்தக் கதையை யார் எடுத்தாலும் நான் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன். என் மனதில் ஓடிய கணக்கு இதுதான்: என் அறையில் இருப்பது இந்த நாட்டிலேயே திறமான கணினியாக இருந்தால், அதை ஓட்டுவதற்காகவாவது நீ மாதத்துக்கு ஒரு தடவை ரயில் ஏறி வருவாய். பேர்லினில் உனக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. எவ்வளவு கெட்ட எண்ணம் பார்.

கடைக்குப் போனோம். விற்பனையாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தம்பிக்குப் பரிசா என்று ஜெர்மனில் கேட்டார். "இல்லை, ஓட்டப்போவது நாங்கள். தம்பி இருந்தாலும் தொட விட மாட்டோம்" என்று நீ சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அரை மணி நேரம் ஒழுங்காக விளக்கினார். கடைசியில், தன் வீட்டுக்கு என்றால் பலமான ஒன்றைத்தான் எடுப்பேன் என்றார். நான் வெற்றியோடு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அவரிடம் மிக மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, "எங்களுக்கு இரண்டு தாருங்கள்" என்றாய்.

கடை வாசலிலேயே சண்டை பிடித்திருப்பேன். அதற்குள் நீ என் கையைப் பிடித்துத் தமிழில் சொன்னாய்: "வாற வருஷம் நான் போயிடுவன். இந்த ஒரு விஷயத்திலை என்ர சொல்லுக் கேளன்."

அந்தக் கதையை நீயே எடுத்துவிட்டாய். அங்கே தேத்தண்ணி போட இடமில்லை. இரண்டையே வாங்கினோம்.

கார்டுகளைப் பூட்டிய பின்னேரம் என்ன ஒரு பின்னேரம்! நீ வேலையிடத்துக் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தாய். ஒன்றைச் செருகினாய், கீழே மற்றதைச் செருகினாய், விரல் நகம் அளவு அகலமான அந்தப் பாலத்தை இரண்டின் தலையிலும் அழுத்தினாய். "டக்" என்றது. பொத்தானை அமத்தினேன். விசிறிகள் கிளப்பிய இரைச்சலில் அம்மா அகப்பையோடு ஓடிவந்து, "என்னடி, வீட்டைத் தூக்கிக்கொண்டு போகப்போகுதோ?" என்றா. பிறகு திரையில் அந்த மலைப்பாதை வந்தது. ஈரத் தாரில் தெருவிளக்கு நீளமாக விழுந்து கிடந்தது. கண்ணாடியில் ஒவ்வொரு மழைத்துளியும் வழிந்து போவதைக் காணக்கூடியதாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் காரை ஓட்டாமல் தெருவோரத்தில் நிற்பாட்டி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கப்போனால் வெளியே டோர்ட்மண்டிலும் மழைதான் பெய்துகொண்டிருந்தது, அதை யார் பார்த்தார்கள்!

அந்தச் சந்தோஷத்திலும் நான் விடவில்லை. "வளைவிலை திணறுது, பாத்தனியே?" என்றேன்.

"உன்ர கண் அப்பிடி" என்றாய்.

அடுத்த மாதம் பக்கத்து நகரமான எசனில், ஒரு பள்ளி மண்டபத்தை எடுத்து, எங்கள் பெடியன்கள் கார்ப் பந்தயப் போட்டி வைத்தார்கள். குழுவுக்கு இரண்டு பேர். பாதித் தூரம் ஒருவர், மீதி மற்றவர். கணினியை அவரவரே கொண்டுவர வேண்டும். உனக்கு அதுதான் இங்கே கடைசிப் போட்டி என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை. எனக்கு அதில் வெல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. கார்டுகள் பாரமானவை, காரின் குலுக்கலில் செருகிய இடம் உடைந்துவிடும் என்று இரண்டையும் கழற்றி ஒரு பையில் வைத்தேன். கணினிப் பெட்டியைப் பின் ஆசனத்தில் இருத்தி பெல்ட் போட்டோம். புறப்படும்போது உன் அம்மா, என் மாமி, அந்தப் பையைக் கையில் தந்தா.

"சாமிக்கு முன்னாலை வைச்சுத்தான் எடுத்தனான் பிள்ளையள். பயப்பிடாமல் போட்டு வாங்கோ."

புதுக் கார் வந்தால் எலுமிச்சங்காயும், புது வீடு என்றால் பாலும் மாதிரி இதற்கும் ஏதோ செய்திருக்கிறா என்று நினைத்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

மண்டபம் முழுக்க மட்டன் றோல்ஸ் வாசம். பெண்கள் என்று போட்டிக்கு வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். ஒலிவாங்கியை வைத்திருந்தவன், "அக்காமார் வந்திருக்கினம், வழி விடுங்கோ" என்று அறிவித்தான், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் கார்டுகளைப் பூட்டிப் பொத்தானை அமத்தினேன். படம் வந்தது. ஆனால் கணினி ஒரு கார்டைத்தான் காட்டியது. மற்றதைக் காணவில்லை. மறுபடி போட்டேன். காணவில்லை. வயரைப் பார்த்தேன், மின்சாரம் வழங்கும் பெட்டியைப் பார்த்தேன், பாலத்தைக் கழற்றிப் பூட்டினேன். வியர்த்து ஒழுகியது. சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்.

"ரண்டு வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்! ரண்டு ரண்டெண்டு நிண்டாய், இப்ப பார்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

அந்தக் கத்தலுக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை, மச்சாள். இப்போது கேட்கிறேன்.

அரையிறுதிக்கு ஒற்றைக் கார்டோடு போனோம். மழையைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, படத்தைச் சாதாரணமாக்கி ஓட்டினோம். என்ன ஆச்சரியம், எண்ணெய் பூசியதுபோல ஓடியது! ஒரு திணறல் இல்லை. நீ கடைசி வளைவில் வழக்கம்போல பிரேக் பிடிக்காமல் உள்ளே புகுந்து இரண்டு காரை முந்தினாய். மண்டபம் எழுந்து நின்றது. ஒலிவாங்கிக்காரன் பேச்சை மறந்துவிட்டான்.

இறுதிப் போட்டிக்கு முன் இடைவேளை. எல்லோரும் றோல்ஸுக்குப் போக, நீ அந்த வேலை செய்யாத கார்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யாரோ வாயைத் திறந்துவைத்திருப்பதுபோலக் குனிந்து பார்த்தாய்.

"எடியே! பல்லிலை சந்தனமடி!"

தங்கப் பல் வரிசையின் நடுவில், அழகாக, வட்டமாக, காய்ந்த ஒரு சந்தனப் பொட்டு. அதற்கு நடுவில் குங்குமம். உடனே மாமிக்குத் தொலைபேசி எடுத்து, பொட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாய். கைப்பேசியில் மாமியின் குரல் எனக்கும் கேட்டது.

"ஒண்டுக்கு அந்தக் காத்தாடிக்கு நடுவிலை வைச்சனான். மற்றது பிரண்டு கிடந்தது. அதுக்கு அந்தப் பொன் மாதிரி மின்னுற கரையிலை வைச்சனான். ஏன் பிள்ளை, அதுதானே அதின்ர முகம்?"

நிலத்தில் இருந்து சிரித்தோம். மூச்சு முட்டியது. பிறகு நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, புள்ளி எழுதும் மேசையில் ஒரு அழிறப்பர் வாங்கி வந்தாய். கைப்பையிலிருந்து கையுறை வந்தது. அது ஏன் உன் கைப்பையில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பல்லாக, மேலிருந்து கீழே, அழுத்தாமல் தேய்த்தாய். "வலிச்சாக் கையைத் தூக்குங்கோ" என்று கார்டுக்குச் சொன்னாய். திரும்பப் பூட்டினோம். இரண்டும் வந்தது!

"ஒண்டோடையே ஓடுவம். ஒண்டு நல்லா ஓடினதுதானே" என்று கெஞ்சினேன்.

"ஏலாது. ரண்டும் ஓடட்டும்."

இறுதிப் போட்டியில் முதல் பாதி நான் முன்னிலையில் கொண்டுவந்து தந்தேன். கதிரை மாறினோம். மழை அப்படியே மினுங்கியது, கார் பறந்தது, நான் உன் தோளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தேன். கடைசி வளைவு. நீ பிரேக் பிடிக்காமல் புகுந்தாய். படம் ஒரு கண் வெட்டும் நேரம் திணறியது. அவ்வளவுதான். சுவரில் உரசி, பாதிக் கார் நீளத்தால் இரண்டாமிடம்.

தோற்ற துக்கத்தைவிட என் கட்சி வென்ற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. "பாத்தனியே! பாத்தனியே! நான் சொன்னனானெல்லே!" என்று குதித்தேன். நீ இரண்டாமிடக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்தபடி, "ஓமடி, நீ சொன்னதுதான் சரி" என்றாய். தோற்ற ஆள் அப்படிச் சிரிக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை.

நீ போவதற்கு முதல் நாள் திருகாணிச் சாவியோடு என் அறைக்கு வந்தாய். நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பெட்டியைத் திறந்து கீழே இருந்த கார்டைக் கழற்றினாய். "சந்தனம் வைச்சது எனக்கு. நான்தானே பல்லு விளக்கினனான்" என்றாய். பாலத்தை மட்டும் என் உள்ளங்கையில் வைத்தாய். "இது உன்னட்டை இருக்கட்டும். நான் துலைச்சுப்போடுவன்." நான் அதைச் சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேர்லின் நொய்கெல்னில் உன் புது வீட்டிலிருந்து நீயும் டோர்ட்மண்டிலிருந்து நானும் இணையத்தின் வழியே ஒரே மலைப்பாதையில் நின்றோம். ஹெட்போனுக்குள் நீ போட்ட அதே கூச்சல். உன் கணவர் பின்னால் நின்று, "என்னப்பா, ஆருக்கும் அடிபட்டிட்டுதோ?" என்று பயந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஞாயிறுகள் எத்தனை வருஷம் ஓடின! கார்டுகள் கிழண்டின, புதியன வந்தன, விளையாட்டுகள் மாறின. நான் மட்டும் மாறவில்லை. வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம், "ஒண்டுதான் நல்லமெண்டு அப்பவே சொன்னனான்" என்பேன். நீயும் சளைக்காமல், "ஓமடி, நீ சொன்னதுதான் சரி" என்பாய். ஆஸ்பத்திரியில், கடைசியாக வந்தபோதுகூடச் சொன்னேன். வேறு என்ன கதைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டே சிரித்து, "ஓமடி" என்றாய்.

நேற்று அந்தச் சிரிப்பு அடங்கியதும் கையேட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நடுவில் உன் பல் வைத்தியரின் டெர்மின் அட்டை ஒன்று இருந்தது, நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பதற்கான சின்ன அட்டை. அதன் பின்பக்கத்தில் உன் குண்டு எழுத்து. நாங்கள் கடைக்குப் போவதற்கு முன்னமே எழுதியது, ஏனென்றால் முன்பக்கத்தில் இருந்த நாள் அதற்கு இரண்டு கிழமை முந்தியது. இடப் பக்கத்தில் "ஒண்டு", வலப் பக்கத்தில் "ரண்டு". சத்தம், ஒன்றுக்கு சரி. சூடு, ஒன்றுக்கு சரி. திணறல், ஒன்றுக்கு சரி. கரைச்சல், அதுவும் ஒன்றுக்குத்தான் சரி. நான் வாசித்துக் காட்டிய எல்லாவற்றையும் நீ எனக்கு முன்பே வாசித்திருந்தாய். வலப் பக்கத்தில் ஒரு சரியும் இல்லை. கீழே ஒரே ஒரு வரி, அடியில் இரண்டு கோடு போட்டு:

"ரண்டெண்டாத்தான் ஆளுக்கொண்டு."

கட்டிடத்தின் அடியில் இருக்கும் கெல்லருக்கு ஓடினேன், மச்சாள். செருப்பைக்கூட ஒழுங்காகப் போடவில்லை. அந்தப் பழைய பெட்டியைத் தூக்கி வந்து, தூசு தட்டி, என் கார்டை முதலில் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது. அதைக் கழற்றி உன்னுடையதைப் போட்டேன். அதுவும் வந்தது! வரவேற்பறையில் தனியாக நின்று கைதட்டினேன். பிறகு இரண்டையும் செருகி, சாவிக் கொத்திலிருந்து பாலத்தைக் கழற்றி, இரண்டின் தலையிலும் அழுத்தினேன். "டக்" என்றது. ஆனால் இணையவில்லை. இத்தனை வருஷம் என் சாவிகளோடு உரசி அதன் தங்கமெல்லாம் தேய்ந்து போய்விட்டது. அழிறப்பர் போட்டுத் தேய்த்தும் பார்த்தேன், வலித்தால் கையைத் தூக்கச் சொல்லியும் பார்த்தேன். கணினி இரண்டு கார்டையும் தனித்தனியாகக் காட்டியது, சேர்த்துக் காட்டவில்லை.

அப்போது கொஞ்சம் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

உன்னை என் அறைக்கு இழுக்க நான் ஒன்று கேட்டேன். நீ போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போக இரண்டு கேட்டாய். அதற்காக அந்த முதலிடத்தையும் விட்டுக்கொடுத்து, பதினெட்டு வருஷம் என்னிடம் தோற்றுக்கொண்டும் இருந்தாய். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரு பிடிவாதத்தால் எனக்குக் கிடைத்தவை.

பாலத்தை மறுபடி சாவிக் கொத்தில் மாட்டிவிட்டேன். இன்று காலை வேலைக்குப் போகக் கதவைப் பூட்டும்போது அது கையில் தட்டுப்பட்டது. படிக்கட்டில் யாரும் இல்லை. பலமாகவே சொன்னேன், உனக்குக் கேட்க வேண்டும் என்று.

ஓமடி மச்சாள். நீ சொன்னதுதான் சரி.